லாம்டாவில் 250 எம்பி தாண்டிவிட்டதா? இப்படிச் செய்து பாருங்கள்

ஏ.டபிள்யூ.எஸ். லாம்டா என்பது, சர்வரை நாம் பராமரிக்காமலே நம் சிறு நிரலை (ஃபங்ஷன்) ஓட்டித்தரும் அமேசானின் சேவை. அதில் ஃபங்ஷனை ஏற்றும்போது, ஸிப்பை விரித்த அளவு 262144000 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பிழை வருகிறதா? அதுதான் 250 எம்பி எல்லை. ஸிப்பை நேரடியாக ஏற்ற 50 எம்பி என்று இன்னொரு எல்லையும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸிப்பை எஸ்3 (அமேசானின் கோப்புச் சேமிப்பகம்) வழியாக ஏற்றினால் 50 எம்பி தடை நீங்கும், 250 அப்படியேதான் இருக்கும்.

நம் டெல்டாவுக்குப் பயன்படுகிற ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். மன்னார்குடிப் பக்கம் குறுவை அறுவடை முடிந்து நெல் களத்தில் காய்கிறது. குவியல் வாரியாக அளந்த ஈரப்பதம் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) எஸ்3-க்கு வருகிறது. 17 சதவீதத்தைத் தாண்டிய குவியல் எது என்று ஃபங்ஷன் சொன்னால், அதைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றாமல் இன்னும் கொஞ்சம் காயவிடலாம்.

முதல் படி: எது இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். ஃபங்ஷன் பயன்படுத்தும் பைத்தான் நூலகங்களை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்) ஒரு தனி ஃபோல்டரில் நிறுவி, உள்ளே இருப்பவற்றை அளவுப்படி வரிசைப்படுத்துங்கள். பாண்டாஸ், நம்பை, சைபை, சைகிட்-லேர்ன் நான்கும் சேர்ந்தாலே 250-ஐ நெருங்கிவிடும். எஸ்3 போன்ற சேவைகளோடு பேச உதவும் போட்டோ3 நூலகம் லாம்டாவின் பைத்தானிலேயே இருக்கிறது. குறிப்பிட்ட பதிப்புதான் வேண்டும் என்றால் ஒழிய, அதை நாம் ஏற்றும் பொதியில் வைக்கத் தேவையில்லை.

இரண்டாம் படிதான் முக்கியம்: அந்த நூலகம் உண்மையிலேயே வேண்டுமா? நம் கோப்பில் இருப்பது குவியல் எண், மூட்டை, ஈரப்பதம் என மூன்றே நெடுவரிசை. ஒவ்வொரு வரியாகப் படித்து, ஈரப்பதத்தை 17-உடன் ஒப்பிட்டால் வேலை முடிந்தது. பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலே இதற்குப் போதும், பொதி சில கேபியில் அடங்கிவிடும். முதலில் இதை முயலுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். பொதி சிறிதாக இருந்தால் ஏற்றுவதும் வேகம், பிழை தேடுவதும் சுலபம்.

சரி, பாண்டாஸ் இல்லாமல் முடியாது என்றால்? அதற்குள் இருக்கும் டெஸ்ட்ஸ் ஃபோல்டரையும் பைகேஷ் (__pycache__) ஃபோல்டர்களையும் நீக்குங்கள். பெயரில் டெஸ்டிங் என்று வருபவற்றைத் தொடாதீர்கள், பாண்டாஸ் இம்போர்ட் ஆகும்போது அவற்றைத் தேடும். விண்டோஸ் லேப்டாப்பில் நிறுவியதை அப்படியே ஏற்றினாலும் ஓடாது. லாம்டா லினக்ஸில் ஓடுவதால், நூலகம் நிறுவும் பிப் கட்டளையில் லினக்ஸுக்கான பிளாட்ஃபார்மைக் குறிப்பிட்டு நிறுவுங்கள்.

அப்புறம் லேயர், அதாவது ஃபங்ஷனோடு தனியாக இணைக்கும் ஸிப். பைத்தான் என்ற ஃபோல்டருக்குள் நூலகங்களை வைத்து ஸிப் செய்து லேயராக ஏற்றினால், பல ஃபங்ஷன்கள் அதைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு ஃபங்ஷனுக்கு 5 லேயர் வரை இணைக்கலாம். ஆனால் அவையும் அந்த 250-க்குள்தான் கணக்கு. எல்லையைத் தாண்டும் வழி என்று லேயரை நம்பி இறங்க வேண்டாம்.

இலைப் படத்தைப் பார்த்துக் குலைநோயா என்று சொல்லும் மாடல் மாதிரி பெரிய கோப்பு என்றால், அதை எஸ்3-இல் வைத்து, ஃபங்ஷன் தொடங்கும்போது டெம்ப் ஃபோல்டருக்கு இறக்கலாம். அங்கே 512 எம்பி இயல்பாகவே உண்டு, 10,240 எம்பி வரை கூட்டலாம். இறக்கும் வரிகளை ஹேண்ட்லருக்கு (ஒவ்வொரு அழைப்பிலும் ஓடும் பகுதி) வெளியே எழுதுங்கள், ஒவ்வொரு அழைப்புக்கும் இறக்காது.

நூலகமே பெரிது என்றால், நிரலையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டும் கன்டெய்னர் இமேஜ்தான் வழி. 10 ஜிபி வரை இடம் உண்டு. டாக்கர் என்ற கருவியில் இமேஜைக் கட்டி, ஈசிஆரில் (அமேசானின் இமேஜ் சேமிப்பகம்) ஏற்றி, ஃபங்ஷனை உருவாக்கும்போது கன்டெய்னர் இமேஜைத் தேர்ந்தெடுங்கள். ஃபங்ஷன் மும்பை ரீஜனில் இருந்தால் இமேஜும் மும்பையிலேயே இருக்க வேண்டும்.