டிக்கி முகம் பிளக்காமல் இருக்க முதுகில் ஒரு வெட்டு

பச்சை மரக்கட்டையில் டிக்கி (பசிபிக் தீவுகளின் பாணியில் செதுக்கும் மனித உருவச் சிலை) உருவம் செதுக்கப் போகிறீர்கள் என்றால், உளியைத் தொடுவதற்கு முன் கட்டையின் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு கோடு அறுத்துவிடுங்கள். மரத்தின் மையத்தைத் தொடும் ஆழம் வேண்டும். மேலோட்டமான கீறல் போதாது. கட்டை உருளாதபடி முட்டுக் கொடுத்த பிறகே ரம்பத்தை வையுங்கள்.

காயும்போது மரம் மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட, வளையங்களின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். முழு உருளையில் அந்த இழுப்புக்கு வழி இல்லாததால் எங்காவது பிளந்தே தீரும். பின்னால் வெட்டு இருந்தால் சுருக்கம் பெரும்பாலும் அதையே அகலமாக்கும், முகம் தப்பிக்கும். மெல்லிய மயிரிழை விரிசல்கள் ஒன்றிரண்டு வரலாம்தான். டிக்கியின் முரட்டு முகத்துக்கு அது ஒன்றும் குறையில்லை.

கட்டையில் ஏற்கெனவே விரிசல் தெரிகிறதா? அந்தப் பக்கத்தையே முதுகாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஈரம் வேகமாக வெளியேறுவது இரு முனைகளிலும்தான். அங்கே மீந்துபோன பெயிண்டைத் தடிமனாகப் பூசிவிடுங்கள்.

நன்றாகக் காய்ந்துவிட்ட கட்டைக்கும், மையத்தோடு இரண்டாகப் பிளந்த பாதிக் கட்டைக்கும் இந்த வெட்டு தேவையில்லை. கலிபோர்னியா, புளோரிடா பக்கம் டிக்கிக்குப் பயன்படும் பனை இனக் கட்டைகளுக்கும் வேண்டாம். நார்க்கற்றைகளால் ஆன அவற்றில் ஆண்டு வளையமே கிடையாது. நாலாபுறமும் பார்க்கும்படி நிறுத்தப்போகும் சிலைக்கும் இது சரிப்படாது.