ஸ்பாட் வெல்டைப் பிரிக்க எந்தக் கருவி வாங்கலாம்? பழைய கார் பாடி வேலைக்குப் புதியவர்களுக்கு

போல்ட்டில் நிற்கும் ஃபெண்டரையும் கதவையும் கழற்ற ஸ்பானர் போதும். கதவுக்குக் கீழே ஓடும் சில், பின்பக்க குவார்ட்டர் பேனல், தரைத்தகடு போன்றவை அப்படியல்ல. அவற்றை ஸ்பாட் வெல்டுதான் பிடித்து வைத்திருக்கிறது. துரு தின்ற தகட்டை மட்டும் எடுத்துவிட்டு, அதன் அடியில் இருக்கும் நல்ல தகட்டை முழுசாகக் காப்பாற்றுவதுதான் இந்த வேலை. எந்தக் கருவியை எடுத்தாலும் அடித்தகடு பிழைக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேகமும் விலையும் அதற்குப் பிறகுதான்.

தொழிற்சாலையில் இரண்டு அல்லது மூன்று தகடுகளை அடுக்கி, இருபுறமும் செம்பு முனைகளால் அழுத்தி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். தகடுகள் தொடும் இடம் உருகி வட்டமாக ஒன்றிவிடுகிறது. அந்த வட்டத்தை இங்கே பொட்டு என்கிறேன். 1 மி.மீ. தகட்டில் பொட்டின் விட்டம் சுமார் 5 மி.மீ. இருக்கும். 8 மி.மீ. கருவிகளைப் பரவலாகப் பயன்படுத்துவதற்கு இதுதான் காரணம்: பொட்டு முழுவதும் அடங்கி, கை கொஞ்சம் விலகினாலும் சமாளிக்க இடம் இருக்கும்.

படி 1: போகும் தகடு எது, தங்கும் தகடு எது?

சாக்பீஸால் தகட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். தூக்கி எறியப்போகும் தகட்டின் பக்கத்திலிருந்துதான் குடைய வேண்டும். சில் போன்ற இடங்களில் மூன்று அடுக்கு இருக்கும். எந்த அடுக்கு வரை போகிறோம் என்று தெரியாமல் டிரில்லைத் தொடவேண்டாம். புதுத் தகடு கையில் வந்து, பழையதன் மேல் வைத்து அளவு சரிபார்த்த பிறகே வெட்டத் தொடங்குங்கள். சில்லையோ தூணையோ எடுப்பதாக இருந்தால், அதற்கு முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடி தொய்ந்து, பிறகு கதவு மூடாது.

பேட்டரியைக் கழற்றி வையுங்கள். அருகில் பெட்ரோல் டேங்கோ குழாயோ இருந்தால் அதையும் அகற்றிவிடுங்கள். தகட்டின் பின்பக்கம் ஒயர் ஓடுகிறதா, பஞ்சு அல்லது தார்ப்பட்டை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிரைண்டர் பொறி விழுந்தால் அவை எளிதில் பற்றிக்கொள்ளும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் கண்ணாடியோடு நல்ல முகமூடியும் கட்டாயம். டிரில் சுழலும்போது தொளதொள கையுறை போட வேண்டாம், சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும்.

படி 2: பொட்டைக் கண்டுபிடித்தல்

பெயிண்டும் சீலரும் மூடியிருக்கும்போது பொட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. சீலரை, அதாவது இணைப்பில் தண்ணீர் புகாமல் பூசிய பசையை, ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டி எடுங்கள். பிறகு கம்பி பிரஷ் சக்கரத்தால் விளிம்பைச் சுத்தம் செய்யுங்கள். அப்போதும் தெரியாவிட்டால், கட்டையில் சுற்றிய 80 நம்பர் எமரித் தாளால் லேசாகத் தேயுங்கள். சுற்றியுள்ள இடம் பளபளக்கும். செம்பு முனை அழுத்திய குழிகள் மட்டும் கருப்பாக நிற்கும். ஒவ்வொன்றையும் மார்க்கரால் வட்டமிட்டு, நட்ட நடுவில் சென்டர் பஞ்ச் அடியுங்கள். ஒரு கையால் அழுத்தினாலே அடிக்கும் தானியங்கி பஞ்ச் இருந்தால் வசதி. சோம்பல்பட்டு இந்த சென்டர் பஞ்ச் அடிப்பதைத் தவிர்த்தால் டிரில் பிட் வழுக்கி ஓடும், விளிம்பு கிழியும்.

படி 3: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண டிரில் பிட் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் முனை 118 டிகிரி கூம்பு. 8 மி.மீ. பிட்டில் அந்தக் கூம்பின் உயரம் சுமார் 2.4 மி.மீ. அதாவது, மேல்தகட்டில் 8 மி.மீ. அகலம் முழுதாக வெட்டப்படுவதற்குள் நுனி 2 மி.மீ.க்கு மேல் இறங்கியிருக்கும். தலா 1 மி.மீ. கனமுள்ள இரண்டு தகடுகள் என்றால், கீழ்த்தகடும் ஓட்டையாகிவிட்டது. ஆகவே இந்த வேலைக்கு அது வேண்டாம்.

ஸ்பாட் வெல்டுக்கென்றே வரும் பிட்டின் அடி தட்டையாக இருக்கும். நடுவில் குட்டி நுனி மட்டும் நீண்டிருக்கும். அந்த நுனி பஞ்ச் குழியில் உட்கார்ந்துகொள்ள, தட்டை விளிம்பு மேல்தகட்டையும் பொட்டையும் சேர்த்துச் சீவி எடுக்கும். கீழ்த்தகட்டில் சிறு புள்ளி மட்டுமே விழும். புதியவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: 8 மி.மீ., கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல் என்ற கடின எஃகு) பிட். பொட்டு சாதாரணத் தகட்டைவிடக் கடினமானது என்பதால், கோபால்ட் இல்லாத மலிவான பிட் சீக்கிரம் மழுங்கும். ஒன்று உடைந்தாலும் வேலை நிற்காமலிருக்க இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிரீடம் போல் பல் வைத்த வட்டக் கட்டர். நடுவில் ஸ்பிரிங்கோடு ஒரு ஊசி இருக்கும். இது பொட்டைச் சுற்றி மேல்தகட்டை மட்டும் வெட்டும், பொட்டு கீழ்த்தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு அதைத் தனியாகத் தேய்த்தெடுக்க வேண்டும். கீழ்த்தகடு மெலிந்திருக்கும் இடத்தில் இது நல்ல தேர்வு, ஏனென்றால் அதன் நடுப்பகுதியில் கை வைப்பதே இல்லை. குறையும் உண்டு. டிரில்லைக் கொஞ்சம் சாய்த்தாலும் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் கடித்து உடைந்துபோகும். வளைந்த தகட்டிலும் மூலையிலும் இதைக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

டிரில் நுழையாத இடுக்குக்கு விரல் போல் ஒல்லியான பெல்ட் சாண்டர் இருக்கிறது. 10 மி.மீ. அகலப் பெல்ட்டால் பொட்டின் மேல் தேய்த்தால் மேல்தகடு மெல்ல மெல்லக் கரையும். இரும்பு தாள் போல மெலிந்ததும் வட்டத்தின் ஓரத்தில் மெல்லிய கருங்கோடு தெரியும், அங்கேயே நிறுத்திவிடலாம். தகடு கரைவதை நேரில் பார்த்தபடியே செய்வதால் நிதானமானவர்களுக்கு இது பாதுகாப்பான வழி. பெல்ட்தான் வேகமாகத் தீரும்.

சி வடிவப் பிடியும் ஆழ நிறுத்தியும் கொண்ட காற்றழுத்த ஸ்பாட் வெல்டு டிரில் மிக நேர்த்தியான கருவி. ஆனால் ஒரே ஒரு காரைச் சீர்செய்பவருக்கு அது தேவைப்படாது. புதிய கார்களின் நடுத்தூணில் வரும் மிகக் கடினமான போரான் எஃகை இந்த எச்.எஸ்.எஸ். பிட்டுகள் தொடக்கூட முடியாது, அதற்கு கார்பைடு பிட் வேண்டும். பழைய கார்களில் இருப்பது பெரும்பாலும் மென் எஃகுதான்.

படி 4: முதலில் பெரும்பகுதியை வெட்டி எடுங்கள்

பேனல் முழுதாக நிற்கும்போது அதன் விறைப்பே உங்களை எதிர்க்கும். ஆகவே வெல்டு விளிம்பிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளி, 1 மி.மீ. கட்டிங் டிஸ்க் போட்ட ஆங்கிள் கிரைண்டரால் வெட்டி, நடுப்பகுதியை எடுத்துவிடுங்கள். பின்னால் வேறு தகடு இருந்தால் டிஸ்க்கை ஆழமாக இறக்கக் கூடாது. இப்போது விளிம்போடு ஒட்டிய பட்டை மட்டும் மிஞ்சும். அது எளிதில் வளைந்து கொடுக்கும் என்பதால் ஒவ்வொரு பொட்டும் விட்டதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

படி 5: குடைதல்

8 மி.மீ. பிட்டுக்கு 500 முதல் 800 ஆர்.பி.எம். போதும். வேகத்தைவிட அழுத்தம் முக்கியம். உடம்பு எடையை டிரில்லுக்குப் பின்னால் நேராகக் கொடுங்கள், கட்டிங் ஆயிலை ஒரு சொட்டு விடுங்கள். சுருள் நீலமாக வந்தால் பிட் சூடாகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டும். அழுத்தாமல் சும்மா சுற்றவிட்டால் பிட் தேய்க்குமே தவிர வெட்டாது, முனை கருகிவிடும்.

மேல்தகடு முடிந்ததைச் சில அடையாளங்கள் சொல்லும். துளையின் அடியில் வட்டமாகத் துருக்கோடோ பழைய ப்ரைமரோ தெரியும். சில நேரம் மேல்தகட்டிலிருந்து வளையம் போன்ற துண்டு பிட்டோடு சுற்றிக்கொண்டு வரும். அடிக்கடி நிறுத்திப் பாருங்கள். முதல் முறை என்றால், பயன்படாத பழைய பேனலில் பத்துப் பதினைந்து பொட்டுகளைக் குடைந்து கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: பிரித்தல்

பட்டைக்கும் கீழ்த்தகட்டுக்கும் நடுவே மெல்லிய பேனல் உளியைச் செருகி, சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். உளியின் தட்டைப் பக்கம் தங்கும் தகட்டை ஒட்டி இருக்கட்டும். எங்காவது அடம்பிடித்தால் உளியை நெம்பக் கூடாது. தங்கும் தகடுதான் கிழியும். அந்தப் பொட்டுக்குத் திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் குடையுங்கள். பிரிந்த முனையை ப்ளையரால் பிடித்துச் சுருட்டிக்கொண்டே போனால் அடுத்தடுத்த பொட்டுகள் வரிசையாகக் கண்ணில் படும்.

மிச்சப் பொட்டுகளை கிரைண்டரில் மாட்டும் 80 நம்பர் ஃப்ளாப் டிஸ்க்கால் (எமரித் துண்டுகள் அடுக்கிய சக்கரம்) தகட்டு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், அதற்குமேல் தேய்க்க வேண்டாம். எங்காவது கீழ்த்தகடு ஓட்டையாகிவிட்டால் பின்னால் செம்புத் தகட்டை வைத்து மிக் வெல்டால் (கம்பியை உருக்கி ஊட்டும் மின் வெல்டு) நிரப்பலாம்; வெல்டு செம்பில் ஒட்டாது. விளிம்பு வளைந்திருந்தால் சுத்தியலும், பின்னால் தாங்கிப் பிடிக்கும் டாலி என்ற இரும்புக் கட்டையும் வைத்து நேராக்குங்கள். புதுத் தகட்டின் விளிம்பில் 6 முதல் 8 மி.மீ. துளைகள் போட்டால் அவை ப்ளக் வெல்டுக்கு, அதாவது துளையை நிரப்பி அடித்தகட்டோடு இணைக்கும் வெல்டுக்கு, ஆகும். இரு தகடுகளும் தொடும் முகங்களில் வெல்டு த்ரூ ப்ரைமர் (வெல்டு செய்யும் இடத்துக்கென்றே வரும் துருத்தடுப்புப் பூச்சு) பூசி, வெல்டு விழும் துளைக்கு நேரே மட்டும் அதைச் சுரண்டிவிட்டு க்ளாம்ப் போடுங்கள்.