சிங்கப்பூருக்குப் பிள்ளைகளோடு வருகிறீர்களா? முதலில் பள்ளியை விசாரியுங்கள்

வேலை உறுதியானதும் எல்லோரும் வீட்டு வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான். ஊரில் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு மே மாதம் மூட்டை கட்டி வந்து இறங்கினோம். இங்கே பள்ளி ஆண்டு தொடங்குவதோ ஜனவரியில். எட்டு மாதம் மகள் வீட்டில் இருந்தாள்.

முதல் வகுப்பு என்றால், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பதிந்து முடித்த பிறகு மூன்றாம் கட்டத்தில்தான் நம் முறை. தொடக்கநிலை 2 முதல் 5 வரை, உயர்நிலை 1 (ஏழாம் வகுப்பு) முதல் 3 வரை சேர ஏ.இ.ஐ.எஸ். என்ற தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலமும் கணிதமும்தான். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் சேர்க்கை, அதுவும் அவர்கள் தரும் பள்ளியில்.

தொடக்கநிலை 6 முடிவில் வருவது பி.எஸ்.எல்.இ. என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. 1960இல் தொடங்கியது. இன்றும் வீடுகளில் அதே பதற்றம். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என நான்கு பாடங்கள். 2021 முதல் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை தரநிலை, கூட்டினால் 4 மிகச் சிறந்தது, 32 கடைசி. “என் பையன் நாலு வாங்கினான்” என்று ஊருக்குச் சொன்னால் பரிதாபப்படுவார்கள்.

ஆக, தமிழுக்கும் கணிதத்துக்கும் ஒரே எடை. “வீட்டில் பேசுகிறாளே, தானாக வந்துவிடும்” என்று நான் விட்டதுதான் தப்பு. வாய்மொழித் தேர்வில் முதலில் ஒரு பகுதியை உரக்க வாசிக்க வேண்டும். அப்புறம் ஒரு காணொளி காட்டி, அதைப் பற்றி உரையாடச் சொல்வார்கள். வாசிப்பது எழுத்துத் தமிழ், உரையாடுவது பேச்சுத் தமிழ். பயிற்சியில் என் மகள் “அச்சிறுவன் குப்பையை எறிகின்றான்” என்றாள். ஆசிரியை சிரித்துவிட்டு, “அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லும்மா” என்றார்.

தமிழ் இங்கே எப்போதும் வெறும் பாடமாக இருக்கவில்லை. தமிழ்வழிப் பள்ளிகளே இருந்தன. கடையநல்லூர்க்காரர்கள் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, பின்னர் உயர்நிலைப்பள்ளியாகவும் வளர்ந்தது. வேலைக்கு ஆங்கிலம்தான் உதவும் என்று பெற்றோர் அந்தப் பக்கம் போக, மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலவழி ஆயின. இன்று பீட்டி ரோட்டில் அதே புலவர் பெயரில் தமிழ் மொழி நிலையம் இருக்கிறது. தங்கள் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். பிள்ளை மதிய நேரத்தில் பஸ் ஏறி அலையவேண்டாம் என்றால், பள்ளியிலேயே தமிழ் உண்டா என்று முன்னாலேயே கேளுங்கள்.

உயர்நிலைக்குப் பிறகு தொடக்கக் கல்லூரி (ஊரில் பிளஸ் டூ போல), பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்), தொழில்நுட்பக் கல்விக் கழகம் என்று பாதை பிரியும். ‘பாலிடெக்னிக்கா?’ என்று ஊர் வழக்கப்படி முகம் சுளிக்க வேண்டாம். 1954இல் ஒரே ஒரு பாலிடெக்னிக் தொடங்கியது, இப்போது ஐந்து இருக்கின்றன. அங்கே டிப்ளமா முடித்துப் பல்கலைக்கழகம் போகிறவர்கள் ஏராளம். 1905இல் ஒரு சிறிய மருத்துவப் பள்ளியில் தொடங்கிய உயர்கல்வி, இன்று ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களாகியிருக்கிறது.

கிளம்பும்போது பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் எடுங்கள். தடுப்பூசி அட்டையைக் கைப்பையிலேயே வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசி போட்ட சான்றை, இங்கே தங்குவதற்கான பாஸ் (அனுமதி) எடுக்கும்போதே கேட்பார்கள்.