மெக்டொனால்டின் ரெடான் குழியை ஆடும் முறை

சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு 1895-ல் நியூபோர்ட்டில் அமெரிக்க அமெச்சூர் கோல்ஃப் பட்டத்தை வென்றவர். மாணவப் பருவத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆட்டம் பயின்று, பின்னாளில் கட்டணம் பெறாமலே மைதானங்களை வடிவமைத்தவர். அவர் லாங் ஐலண்டில் உருவாக்கிய நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் மைதானத்தின் நான்காம் குழி (முதல் அடி இடத்திலிருந்து கொடி நட்ட துளை வரையிலான ஆட்டப் பகுதி), ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் மைதானத்தின் பதினைந்தாம் குழியைத் தழுவியது. கோட்டை அரணைக் குறிக்கும் ரெடான் என்பதே இரண்டிற்கும் பெயர்.

ஆடுவதற்கு முன் தரையைப் படிக்க வேண்டும். துளையைச் சுற்றியுள்ள புல்தரை வலப்புற முன்பகுதியிலிருந்து இடப்புறப் பின்பகுதியை நோக்கிச் சாய்வாகக் கிடக்கிறது; இடப்புற முன்பகுதியை ஆழமான மணற்பள்ளம் காக்கிறது. கொடி இடப்புறம் இருக்கும்போது அதை நேராகக் குறிவைப்பவர் பள்ளத்தில் விழுவார், அல்லது அதைத் தாண்டினாலும் பந்து நிற்காமல் பின்னால் ஓடிவிடும். ஆகவே வலப்புற முன்விளிம்பில் உயர்ந்து நிற்கும் தோள் போன்ற மேட்டைக் குறிவைத்து, தாழ்வாக, வலமிருந்து இடமாகச் சற்றே வளையுமாறு அடித்து, மிச்சத் தூரத்தைச் சரிவிடமே விட்டுவிட வேண்டும். வலக்கையாளருக்கு இவ்வளைவு எளிது, இடக்கையாளருக்குச் சோதனைதான்.

எதிர்க்காற்றில் ஒரு படி நீண்ட மட்டையை எடுக்கலாம். ஐயம் எழுந்தால் பந்தை வலப்புறமே விடுவது நல்லது. ஆனால் அங்கிருந்து அடுத்த அடி சரிவில் இறங்குவதால் அதை மிக மென்மையாக அடிக்க வேண்டியிருக்கும்.