இரண்டாவது ஆர்.சி. விமானம்: கொழும்புக் காற்றுக்கும் புல்லுக்கும் எது சரிவரும்?

ரேடியோவால் ஓட்டும் (ஆர்.சி.) பயிற்சி விமானத்தைத் தனியே ஏற்றி இறக்கப் பழகியதும் பலருடைய கண் நேரே மஸ்டாங், ஸ்பிட்ஃபயர் போன்ற போர் விமான மாதிரிகளில்தான் போய் நிற்கும். வாங்கலாம், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ. இரண்டாவது விமானம் புதிதாக ஒரேயொரு விஷயத்தைச் சொல்லித்தந்தால் போதும்: ரேடியோவின் ஸ்டிக்கை விட்டாலும் தானாக நிமிராமல், சாய்த்த சாய்விலேயே நிற்கும் விமானத்தை ஓட்டுவது. அதோடு தரையிறங்கும் வேகமும் கூடிவிட்டால் இரண்டையும் ஒரே நாளில் படிக்க வேண்டிவரும். புது விமானங்கள் மூக்குடைவது பெரும்பாலும் அங்கேதான்.

கையில் இருக்கிற விமானத்தில் முதலில் ஒரு பரீட்சை வையுங்கள். ஜைரோ உதவி (விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் கருவி) இருந்தால் அதை முற்றாக அணைத்துவிட்டு, ஒரே உயரத்தில் எட்டுப் போடுங்கள். வலப்பக்க வளைவு அழகாக வந்து, இடப்பக்க வளைவில் உயரம் சரிந்தால் இன்னும் கொஞ்சம் பழக வேண்டும். விமானம் உங்களை நோக்கி வரும்போது இட வலம் குழம்பாமல் திருப்ப முடிகிறதா, மோட்டரை நிறுத்திவிட்டு நினைத்த இடத்துக்குக் கிட்டவாவது இறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். ஜைரோவை அணைக்கவே பயமாக இருக்கிறதென்றால், இதுவரை விமானத்தை ஓட்டியது ஜைரோதான். இன்னும் சில வாரம் அதே விமானத்தோடு இருங்கள். மழை நாட்களில் பிக்காசிம் போன்ற சிமுலேட்டர் உதவும்.

எடையைப் பாருங்கள், படத்தைப் பார்க்காதீர்கள்

ஒரு விமானம் எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்குப் பார்க்கலாம். இறக்கையின் முழு நீளத்தையும் சராசரி அகலத்தையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 100 ஆல் பிரித்தால் பரப்பு சதுர டெசிமீற்றரில் வரும். பற்றரியும் சேர்ந்த எடையைக் கிராமில் எடுத்து, அந்தப் பரப்பால் பிரியுங்கள். கிடைப்பதுதான் இறக்கைச் சுமை.

140 சென்ரிமீற்றர் நீளமும் 21 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட பயிற்சி விமானம் 1,250 கிராம் என்றால், பரப்பு 29.4, சுமை ஏறக்குறைய 42. 120 சென்ரிமீற்றர் நீளம், 19 அகலம், 1,050 கிராம் எடையுள்ள தாழ் இறக்கை விமானத்துக்கு 46 வரும். 110 நீளம், 17 அகலத்தில் 1,200 கிராம் இருக்கும் போர் விமான மாதிரிக்கு 64. இந்த எண்ணின் வர்க்கமூலத்தோடுதான் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், ஏறும். நம் வெப்பநிலையில் 42க்குச் சுமார் மணிக்கு 30 கிலோமீற்றர், 64க்கு 37. ஏழு கிலோமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், ஒவ்வொரு கிராமும் ஒன்றரை மடங்கு பலத்தோடு நிலத்தில் இடிக்கும். முதல் விமானத்தில் ஒரு துள்ளலோடு தப்பிய இறக்கம், இதில் சில்லைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

எங்கள் சிபாரிசு: 1.2 முதல் 1.4 மீற்றர் இறக்கை நீளம், சுமை 50க்குள். விளம்பரத்தில் போடும் எடை சில வேளை பற்றரி இல்லாத எடை. 3எஸ் 2200 பற்றரி (மூன்று செல், 2,200 மில்லி அம்பியர்-மணி) ஒன்று கிட்டத்தட்ட 180 கிராம், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மீற்றருக்குக் குறைந்தவை விலை குறைவென்று தோன்றினாலும் காற்றில் தூக்கி எறியப்படும், கொஞ்சம் தள்ளிப் போனாலே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது.

இறக்கையின் வடிவத்தையும் பாருங்கள். நுனி வரை ஒரே அகலம், அல்லது சிறிதளவே ஒடுங்கும் இறக்கை நல்லது. ஸ்பிட்ஃபயர் போல நுனி மெலிந்த இறக்கையில், வேகம் குறையும்போது நுனிதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். கடைசித் திருப்பத்தில் மைதானம் தவறப்போகிறதென்று எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) இழுப்பீர்கள். ஒரு பக்க இறக்கை சட்டென்று விழும். பத்து மீற்றர் உயரத்தில் திருத்த நேரம் இருக்காது. இறக்கை அடியில் தட்டையாக இல்லாமல் இலேசாக வெளிப்பக்கம் வளைந்திருப்பது காற்றில் நிலையாகப் போக உதவும், தலைகீழாகவும் ஓரளவு பறக்கலாம்.

மைதானம் தீர்மானிக்கும் விஷயங்கள்

கொழும்பு நகருக்குள் பறப்பதை மறந்துவிடுங்கள். தெற்கே இரத்மலானை விமான நிலையம், மேற்கே துறைமுகமும் கோட்டையும், கிழக்கே நாடாளுமன்றம். காலிமுகத்திடல் பட்டத்துக்கு மட்டும்தான். ஆளில்லா வான்கலங்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு அனுமதிகள் எல்லாமே இடைநிறுத்தப்பட்ட காலமும் இருந்தது. எனவே உங்கள் எடையுள்ள விமானத்துக்கும் உங்கள் இடத்துக்கும் இன்று என்ன விதி என்பதை அங்கேயே கேட்டு, நிலச் சொந்தக்காரரிடமும் அனுமதி பெற்ற பிறகு காசைச் செலவழியுங்கள்.

நகருக்கு வெளியே கிடைப்பது பெரும்பாலும் பாடசாலை மைதானம் அல்லது நெல் வெட்டிய வயல். இரண்டிலும் ஓடுபாதை கிடையாது. மழைக்குப் பிறகு ஒரு கிழமையில் புல் எழுந்துவிடும். 50 மில்லிமீற்றர் சில்லோடு வரும் விமானம் அதில் ஓடாது, மூக்குக் குத்திக் கவிழும். சில்லின் விட்டம் புல்லின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். சில்லை மூடும் உறைகளை முதல் நாளே கழற்றிவிடுங்கள். மூக்குச் சில்லு உள்ள மூன்று சில்லு அமைப்பு தரையில் நேராக ஓடும், பழகவும் சுலபம். ஆனால் மூக்குச் சில்லின் கம்பி மெலிதாக இருந்தால் பள்ளத்தில் வளைந்து, அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கையும் உடைக்கும். வயல் மட்டும்தான் கிடைக்கும் என்றால் சில்லே வேண்டாம். புரொப்பலர் பின்னால் உள்ள, வயிற்றால் இறங்கும் விமானத்தைக் கையால் எறிந்து பறக்கவிடுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். காலை எட்டு மணிக்கு ஆடாமல் நிற்கும் மரங்கள் பத்து மணிக்குக் கடற்காற்றில் அசையத் தொடங்கிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று விடியலில்கூட ஓயாத நாட்கள் உண்டு. மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை நல்லது. பின்னேரம் இடி மின்னல். கையில் அன்டெனாவோடு வெட்டவெளியில் நிற்பவருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

பற்றரியும் ரேடியோவும்

விமானத்தின் விலையை விட இங்கே கையைக் கடிப்பது அதைச் சுற்றி வாங்குபவை. லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரியைச் சாதாரண விமானத் தபாலில் வரவழைப்பது வில்லங்கம், ஆகவே ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பற்றரியால் ஓடும் விமானத்தையே தேடுங்கள். 3எஸ் 2200 வைத்திருப்பவருக்கு 1.2 மீற்றர் வகையில் நிறையத் தெரிவு உண்டு. 11.1 வோல்ட்டில் 30 அம்பியர் இழுத்தால் 333 வாட், 1.2 கிலோ விமானத்துக்கு அது கிலோவுக்கு 270 வாட்டைத் தாண்டும். லூப், ரோல் போன்ற சாகசங்கள் போட இதுவே தாராளம். 4எஸ் கேட்கும் விமானத்தை வாங்கினால் பற்றரிகளோடு சார்ஜரும் மாற வேண்டிவரலாம். இணைப்பி வேறாக இருந்தால் அது பெரிய விஷயமல்ல, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்து இலத்திரனியல் கடைகளில் எக்ஸ்டி60 இணைப்பி கேட்டு வாங்கி ஈயத்தால் பற்றவைக்கலாம். பற்றவைக்கும்போது பற்றரியின் இரண்டு வயர்களையும் ஒன்றாக வெட்டிவிடாதீர்கள். கத்தரிக்கோலே தொடுத்து ஷோர்ட் ஆகும்.

ரேடியோவும் அப்படியே. ரிசீவரோடு வரும் விமானம் அந்தந்த நிறுவனத்தின் ரேடியோவோடுதான் பேசும்: ஃப்ளைஸ்கை ஐ6 வைத்திருப்பவர் ஸ்பெக்ட்ரம் ரிசீவர் உள்ள விமானத்தை வாங்கினால் இரண்டும் இணையாது. மோட்டர், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி., பலகைகளை அசைக்கும் சேர்வோக்கள் பூட்டப்பட்டு, ரிசீவர் மட்டும் இல்லாமல் வரும் பி.என்.பி. வகை எல்லோருக்கும் பொது. நான்கு சனல் (தனித்தனிக் கட்டளைப் பாதைகள்) கட்டாயம் தேவை, ஃப்ளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கைப் பலகை) இருந்தால் ஐந்து.

வெளிநாட்டிலிருந்து அனுப்பச் சொல்வதற்கு முன் பெட்டியின் அளவைக் கேளுங்கள். பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தை சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் பிரித்து வருவதைக் கிலோவாகக் கணக்கிடும். 110, 35, 25 உள்ள பெட்டி உண்மையில் மூன்று கிலோ என்றாலும் 19 கிலோவுக்குக் கட்டணம் வரும். சுங்க வரி தனி. இரண்டாகக் கழறும் இறக்கை உள்ள மாதிரி இதில் பெரிய மிச்சம். மேலதிக புரொப்பலர் இரண்டு, மூக்குச் சில்லுக் கம்பி ஒன்று ஆகியவற்றையும் அதே பெட்டியில் போடச் சொல்லுங்கள். பிறகு தனியே வரவழைத்தால் பொருளை விடத் தபால் செலவு கூட.

வகைகள்

எய்லரோன் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை) உள்ள தாழ் இறக்கை ஸ்போர்ட் விமானம், மூக்குச் சில்லோடு: புல் வெட்டிய மைதானம் கிடைப்பவருக்கு முதல் தெரிவு இதுவே. போர் விமான முகம் இல்லாமல் மனம் ஆறாது என்பவர்களுக்கு டி-28 ட்ரோஜன் இருக்கிறது. அசல் ட்ரோஜனே பயிற்சிக்காகக் கட்டப்பட்டது; அகலமான இறக்கை, விலகி நிற்கும் சில்லுகள், மூக்குச் சில்லு எல்லாம் மாதிரியிலும் அப்படியே வருகின்றன.

முதல் விமானத்தில் எய்லரோனே இல்லாமல் வாலிலுள்ள ரடரால் திருப்பிப் பழகியவர் தாழ் இறக்கைக்குத் தாவ வேண்டாம். எய்லரோன் உள்ள உயர் இறக்கையோ, பிக்ஸ்லர் போன்ற பின்தள்ளும் விமானமோ எடுங்கள். பெரிய ரப்பர் சில்லோடு வரும் ஃபன்கப், டிம்பர் வகை விமானங்கள் கரடான புல்லுக்கு அருமை, ஆனால் புதிதாகக் கற்றுத்தருவது குறைவு. உள்ளே விசிறி சுழலும் ஜெட் மாதிரி வேண்டாம்; ஓடுபாதை கேட்கும், பற்றரியைக் குடிக்கும், த்ரொட்டில் (மோட்டருக்கு வேகம்) கொடுத்துச் சற்றுப் பிந்தித்தான் இழுக்கும்.

பாவித்தது மலிவாகக் கிடைத்தால் சமையலறைத் தராசைக் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள். எபொக்சியும் டேப்பும் ஏறிய விமானம் 150 கிராம் கூடியிருந்தால், மேலே போட்ட கணக்கு முழுதும் மாறும். மோட்டர் பூட்டிய பலகையை விரலால் ஆட்டுங்கள், சேர்வோக்களை மெதுவாக முழுத் தூரம் ஓட்டிக் கரகரப்பைக் கேளுங்கள். கடற்கரையோர வீட்டில் இருந்ததென்றால் இணைப்பிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஊதிய பற்றரியை இனாமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின்சீற்றில் கிடந்த ஃபோம் இறக்கை முறுகியிருக்கும். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தெரியும்.

முதல் நாள்

விமானத்தின் எடை சமநிலையாகும் புள்ளியான பாரமையம் கைநூலில் சொன்ன இடத்தில், அல்லது அதிலிருந்து ஐந்து மில்லிமீற்றர் முன்னே இருக்கட்டும். வால் பாரமான விமானம் எலிவேட்டருக்கு வெறிபிடித்ததுபோல் துள்ளும். எய்லரோனுக்கும் எலிவேட்டருக்கும் 30 சதவீத எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் அமைப்பு), குறைந்த ரேட்டாக (பலகை அசையும் தூரம்) 70 சதவீதம். எக்ஸ்போவின் கூட்டல் கழித்தல் குறி ரேடியோவுக்கு ரேடியோ மாறும். ஃப்யூட்டபாவில் கழித்தல்தான் நடுப்பகுதியை மென்மையாக்கும். வளைகோடு நடுவில் தட்டையாகிறதா என்று திரையில் பாருங்கள்.

புது விமானத்தை முதல் பத்து விநாடியில் கொல்வது பெரும்பாலும் தலைகீழாக ஓடும் எய்லரோன். வாலுக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள்: வலது எய்லரோன் மேலே எழ வேண்டும், இடது கீழே. எலிவேட்டர் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் வாலின் பின்விளிம்பு மேலே. பிறகு புரொப்பலரைக் கழற்றிவிட்டு, மோட்டரை மெதுவாக ஓடவிட்டு ரேடியோவை அணைத்து, மோட்டர் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் (ரேடியோத் தொடர்பு அறுந்தால் மோட்டரை நிறுத்தும் ஏற்பாடு) சரியில்லை.

காற்றுக்கு எதிரே ஏற்றி, 50 மீற்றர் உயரத்தில் ட்ரிம் செய்யுங்கள் (ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி சரிசெய்வது). அங்கேயே த்ரொட்டிலை மூடி, உயரம் குறையாமல் எலிவேட்டரைச் சிறிது சிறிதாக இழுங்கள். எந்த வேகத்தில் எந்த இறக்கை விழுகிறதென்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு சேர்ந்து போகும்போது நிலத்தோடு ஒப்பிட விமானம் மிக வேகமாகப் பறக்கிற மாதிரித் தெரியும். அதை நம்பி த்ரொட்டிலைக் குறைத்துவிட்டுத் திரும்பினால் ஸ்டால்தான். இறக்கும்போது பயிற்சி விமானத்தைப் போல மிதக்கவிடாமல், நிலத்துக்கு ஒரு மீற்றர் வரும் வரை கால்வாசி த்ரொட்டிலைப் பிடித்திருங்கள்.

முதல் பறப்பு நான்கு நிமிடம் போதும். வீட்டில் சார்ஜர் எத்தனை மில்லி அம்பியர்-மணி திருப்பி ஏற்றியது என்று பாருங்கள். நான்கு நிமிடத்துக்கு 1,040 ஏறினால் நிமிடத்துக்கு 260. 2200 பற்றரியில் முக்கால்வாசி, அதாவது 1,650 வரைதான் எடுக்கலாம் என்பதால் டைமரை ஆறு நிமிடத்துக்கு வையுங்கள். மறுநாள் பறக்காவிட்டால் பற்றரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.