டைப் போட்டால் வேலை வேகமாகுமா? நாமே அளந்து பார்க்கலாம்

கோத்தகிரியில் நிரல் எழுதும் நண்பர்கள் கூடினால் ஜாவாஸ்கிரிப்டா, டைப்ஸ்கிரிப்டா என்ற வாக்குவாதம் வராமல் இருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நிரல் மொழி; அதோடு டைப்பைச் சேர்த்ததுதான் டைப்ஸ்கிரிப்ட். டைப் என்றால், ஒரு தரவு எண்ணா, எழுத்தா என்று நிரலிலேயே எழுதிவைப்பது; மாறி வந்தால் ஓட்டும் முன்பே கருவி சொல்லிவிடும். டைப் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமா என்பதுதான் கேள்வி. எட்டுப் பேரும் ஒரு சனிக்கிழமையும் கிடைத்தால் அளந்தே பார்க்கலாம்.

படி 1: டைப் மட்டும் மாறட்டும். ஜாவா, பைத்தான் என்ற இரு வேறு மொழிகளை ஒப்பிட்டால் நூலகம், கருவி, பழக்கம் எல்லாமே மாறிவிடும். ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் ஜோடிதான் சரி. டைப்ஸ்கிரிப்டில் கண்டிப்பாகச் சரிபார்க்கும் ‘ஸ்ட்ரிக்ட்’ (strict) அமைப்பைப் போட்டு, எதையும் சரிபார்க்காமல் விட்டுவிடும் ‘எனி’ (any) டைப்பைத் தடுத்துவிடுங்கள்.

படி 2: வேலையைத் தேர்ந்தெடுங்கள். முடிவு நம்பும்படி இருக்குமா என்பது இங்கேதான் இருக்கிறது. சம அளவு கடினமான இரண்டு வேலை வேண்டும். ஒன்று, சிறு விவசாயிகளின் பசுந்தேயிலைக் கணக்கு. இன்னொன்று, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் கேரட் மூட்டைக் கணக்கு. இரண்டிலும் யாரோ எழுதிய, விளக்கக் குறிப்பு இல்லாத நிரலைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். ஸ்டீஃபன் ஹானன்பெர்க் என்ற ஆய்வாளர் 2010இல் 49 பேரைப் புதிதாக ஒரு பார்சர் (உரையைப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டறியும் நிரல்) எழுதச் சொன்னபோது, டைப் இருந்ததால் நேரம் மிச்சமாகவில்லை. ஆவணமில்லாத நிரலைப் பயன்படுத்தச் சொன்ன 2012 ஆய்வில், சில வேலைகளுக்கு டைப் உதவியது. ஆக, எந்த வேலை என்பதைச் சொல்லாமல் ‘டைப் வேகம்’ என்று பேசுவதில் அர்த்தமில்லை.

நிரலில் பிழைகளையும் வையுங்கள். படிவத்திலிருந்து எடை எண்ணாக இல்லாமல் எழுத்துச்சரமாக வரும். ஜாவாஸ்கிரிப்டில் "12", "15" இரண்டையும் கூட்டினால் "1215" வரும். இது டைப் பிடிக்கும் பிழை. ஈரத்துக்கான கழிவைக் கழிக்காமல் கூட்டினால் டைப்புக்குத் தெரியாது. இரண்டாவது வகைதான் அதிகம் இருக்க வேண்டும்: 2017இல் 400 ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளைப் பார்த்த ஆய்வில், டைப்ஸ்கிரிப்ட் பிடித்திருக்கக்கூடியவை சுமார் 15 சதவீதம்தான்.

படி 3: ஆட்களைக் குழுவாகப் பிரியுங்கள். இருவர் இருவராக நான்கு குழு. ஒவ்வொருவரும் ஒரு வேலையை டைப்போடும் மற்றதை டைப் இல்லாமலும் செய்ய வேண்டும். எது முதலில், எந்த வேலை எந்த மொழியில் என்பது குழுவுக்குக் குழு மாறட்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வேலையில் கை பழகியதையும் டைப்பின் கணக்கில் எழுதிவிடுவோம்.

படி 4: நேரம் குறியுங்கள். ‘முடிந்தது’ என்று நிரல் எழுதுபவர் சொல்வதை எடுக்காதீர்கள். விடை சரியா என்று பார்க்கும் எல்லாச் சோதனையிலும் நிரல் தேறும் நிமிடம்தான் கணக்கு. மழையில் கரண்ட் போனால் கடிகாரத்தை நிறுத்துங்கள்.

படி 5: கணக்குப் போடுங்கள். ஒவ்வொருவருடைய டைப்ஸ்கிரிப்ட் நேரத்தையும் அவருடைய ஜாவாஸ்கிரிப்ட் நேரத்தால் வகுங்கள். 1க்குக் கீழே வந்தால் அவருக்கு டைப் உதவியிருக்கிறது. சராசரி வேண்டாம், ஒரே ஒரு மெதுவான ஆள் அதை இழுத்துவிடுவார், இடைநிலை (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் மதிப்பு) எடுங்கள். எட்டு எண்ணும் 1க்கு இருபுறமும் சிதறிக் கிடந்தால் எதுவும் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அப்புறம் இன்னும் எட்டுப் பேரைக் கூப்பிடுங்கள்.