ஏரி வண்டலிலிருந்து பழங்காலப் பருவமழையைக் கண்டறியும் முறை

நீர் வந்து சேர வழியிருந்து, வெளியேற வழியில்லாத ஏரியையே முதலில் தேட வேண்டும். மதகும் கலிங்கும் கொண்டு, அவ்வப்போது தூர்வாரப்படும் நம் ஊர் ஏரிகள் இதற்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. தமிழ்நாட்டின் பழைய தட்பவெப்பத்தை அறிய நீலகிரியின் சதுப்புக் கரியை (சதுப்பு நிலத்தில் அரைகுறையாக மட்கித் தேங்கிய தாவரப் படிவை) ஆய்வாளர்கள் நாடியதில் வியப்பில்லை. மூடிய ஏரியில் மழை குறையும்போது, நீரிலுள்ள ஆக்சிஜன் வகைகளில் இலேசான ஆக்சிஜன்-16 எளிதில் ஆவியாகிப் போக, கனமான ஆக்சிஜன்-18 எஞ்சிய நீரில் செறிவடைகிறது. அந்நீரில் வாழும் நத்தையின் ஓட்டிலும் அம்மாற்றம் பதிகிறது. ஹரியானாவின் கோட்லா தஹார் என்னும் பழைய ஏரிப்படுகையில் கிடைத்த நத்தை ஓடுகளில், ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன்-18 விகிதம் ஆயிரத்துக்கு 4 என்ற அளவில் உயர்ந்திருப்பதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. கோடைப் பருவமழை திடீரென வலுவிழந்ததற்கான தடயமாக அது கொள்ளப்படுகிறது.

நீர் நிறைந்த ஏரியில் மிதவையிலிருந்து குழாயை இறக்கிப் படிவு உருளையை எடுக்கலாம். வறண்ட படுகையில் குழி தோண்டி, பக்கச்சுவரின் மேற்பரப்பைச் செதுக்கி நீக்கியபின், மேல்மண் கீழே உதிர்ந்து கலந்துவிடாதபடி அடியிலிருந்து மேல்நோக்கி மாதிரி எடுப்பது நல்லது. அதற்கு முன்பே ஒவ்வோர் அடுக்கின் நிறம், மணலின் அளவு, ஜிப்சம் (நீர் வற்றும்போது படியும் உப்புக் கனிமம்) படிகங்கள், வெடிப்புகள் ஆகியவற்றைக் குறித்துப் படமெடுத்துவிட வேண்டும்.

பணத்தைச் சிக்கனம் செய்யக்கூடாத இடம் காலக்கணிப்பு. உயிரினம் இறந்தபின் சிதைந்து குறைந்துகொண்டே வரும் கார்பன்-14இன் அரைவாழ்வுக் காலம் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 5,730 ஆண்டுகள் என்பதால் ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை கணிக்கலாம்; ஆனால் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வந்த நீரிலுள்ள பழைய கார்பன், நத்தை ஓட்டை அதன் உண்மையான வயதைவிட முதியதாகக் காட்டிவிடும். ஆகவே விதை, இலைத்துணுக்கு போன்ற நிலத்தாவர எச்சங்களே மேல். அவை அரிதாக இருந்தால், ஒரே அடுக்கில் கிடைத்த விதையையும் ஓட்டையும் சேர்த்துக் கணித்து, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் கொண்டு மற்ற ஓடுகளின் வயதைத் திருத்தலாம். அவ்வேறுபாடு காலத்துக்குக் காலம் மாறக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

பல ஓடுகளைச் சேர்த்துப் பொடித்தால் சராசரி மட்டுமே கிடைக்கும். பருவ வேறுபாடு வேண்டுமெனில், ஓர் ஓட்டின் சுருள் வளர்ந்த திசையிலேயே நுண்துளையிட்டு, வரிசையாகப் பொடி எடுத்து அளவிட வேண்டும்: மழைநீர் நிறைந்த மாதங்களில் ஆக்சிஜன்-18 மதிப்பு தாழும், அடுத்த மழைக்கு முந்தைய வறட்சியில் உயரும். ஓட்டிலுள்ள அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட் படிகம் பிற்காலத்தில் அதன் மற்றொரு வடிவமான கால்சைட்டாக மாறியிருந்தால் இந்தப் பதிவு அழிந்திருக்கலாம் என்பதால், எக்ஸ் கதிர்ச் சோதனையை முன்னதாகவே செய்துவிடுவது முறை. வடமேற்கு இந்தியாவுக்கு மேற்கத்திய இடையூறுகளால் (மேற்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளால்) குளிர்கால மழையும் கிடைப்பதால், எல்லா மாற்றத்தையும் தென்மேற்குப் பருவமழையின் கணக்கில் எழுதிவிடாமல், அன்றைய தாவரங்களைக் காட்டும், வண்டலில் புதைந்த மகரந்தத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

ஏரி முற்றிலும் வறண்ட காலத்தில் படிவு சேர்ந்திருக்காது. சேர்ந்ததையும் காற்று அரித்திருக்கலாம். அளவீடுகளைக் காட்டும் வரைபடத்தில் அக்காலத்துக்குரிய இடத்தைக் கோட்டால் இணைக்காமல் வெற்றிடமாகவே விட வேண்டும்.